இந்த வீட்டில் அடுப்பெரிவது எதனால்?

நாவலைக் கையில் எடுத்தவுடன் கதாநாயகி எப்படிப்பட்டவள் என்று தேடுகிறவர்கள் உண்டு. கடைசி அத்தியாயத்தைப் புரட்டிக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே முதல் அத்தியாயத்துக்கு வருகிறவர்களும் உண்டு. நம் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். நாம் முதலில் தேடுவது வேறொன்று. கதை நடக்கிற வீட்டில் அடுப்பெரிவது எதனால்? உலையில் விழும் அரிசி எங்கிருந்து வந்தது? அதற்காக யார் எங்கே போய் என்ன வேலை செய்தார்கள்? கூலி அளந்தவர் யார், அளந்தது போதுமாக இருந்ததா?

இது பள்ளிக்கூட வாத்தியாரின் கேள்வி என்று வாசகர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் இருந்தால், பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தகப்பனாரின் தொழிலும் எழுதியிருக்கும். அதைப் பார்க்காதவர் அந்தப் பிள்ளை ஏன் திங்கட்கிழமைகளில் வருவதில்லை என்பதை ஒருநாளும் அறியமாட்டார். நாவலாசிரியரும் தம் பாத்திரங்களுக்கு அப்படி ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது நம் கட்சி. அதை அவர் நமக்குக் காட்ட வேண்டுமென்பதில்லை. அவரிடம் இருந்தால் போதும், நாலு பக்கத்துக்குள் தெரிந்துவிடும்.

இந்தக் கோடை விடுமுறையில் ஆறு நாவல்களைப் படித்தோம். அவற்றில் இரண்டு முன்பே படித்தவை. அவற்றைப் பற்றி நமக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறோம். இது விமரிசனம் அல்ல. ஒரு வாசகரின் சொந்த அபிப்பிராயமே.

பி. ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடர்ந்து வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது 21. தமது 26-ஆம் வயதில் அவர் காலமாகிவிட்டார். சிறுகுளத்துப் பெண்கள் கூடி ஊர்வம்பு பேசும் பகுதிகளை இன்று படித்தாலும் வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றுகிறது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த வம்பு ஊசிப் போகவில்லை. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதரைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லாமல் விடுவதே உத்தமம். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஆனால் முத்துஸ்வாமி அய்யர் வீட்டு அடுப்பு பெரும்பாலும் தானாகவே எரிகிறது. நிலம் இருக்கிறது, அதை உழுகிறவர் எவர் என்று அறிந்துகொள்ளும் ஆவல் கதைக்கு இல்லை. பிற்பகுதியில் வேதாந்தம் வந்து அடுப்பையே மறக்கச் செய்துவிடுகிறது. முற்பகுதியை அன்போடும் பிற்பகுதியை மரியாதையோடும் படித்து முடித்தோம் என்றால் வாசகர்கள் நம் கருத்தை ஊகித்துக்கொள்வார்கள்.

'தியாகபூமி'யை இரண்டாம் முறையாகப் படித்தோம். கல்கி அதனை 1938-39-இல் 'ஆனந்த விகட'னில் எழுதினார். திரைப்படத்துக்காக எடுத்த படங்களையே தொடர்கதைக்குச் சித்திரமாகச் சேர்த்து வெளியிட்டார்கள். 1939-இல் வந்த திரைப்படத்தை அடுத்த வருஷமே அரசாங்கம் தடை செய்தது. கதை பல குடும்பங்களுக்குத் தெரிந்ததுதான். சம்பு சாஸ்திரியின் மகள் சாவித்திரி புருஷனால் தள்ளிவைக்கப்படுகிறாள். பிறகு உமாராணியாகத் திரும்பி வருகிறாள். சேர்ந்து வாழவேண்டும் என்று புருஷன் வழக்குத் தொடுக்கும்போது, வேண்டுமானால் நானே அவருக்கு ஜீவனாம்சம் கொடுக்கிறேன் என்று நீதிமன்றத்தில் சொல்கிறாள். அந்த இடத்தில் நம் தாய்மார்கள் அக்காலத்தில் எப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நம்மால் எண்ணிப் பார்க்க முடிகிறது. நாமும் நிமிர்ந்தோம்.

ஆயினும் நம் பழைய கேள்வி விடுகிறதா? சாவித்திரி அவ்வாறு பேச முடிந்தது எதனால்? பம்பாயிலிருந்த அத்தையின் சொத்து அவளுக்கு வந்து சேர்ந்ததனால். வாய்ப்பேச்சுக்குப் பின்னால் ஒரு பணப்பெட்டி இருக்கிறது. பம்பாயில் அத்தை இல்லாத சாவித்திரிகள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் 'தியாகபூமி' விடை சொல்லாது. கல்கியின் எழுத்தழகைக் குறைத்துச் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். பக்கம் புரள்வதே தெரியாமல் எழுதுவதில் அவருக்கு இணை சொல்வது கடினம். ஆனால் ஒரு பெண்ணுக்கு நியாயம் கிடைக்க முதலில் அவள் பணக்காரியாக வேண்டியிருந்தது என்பதைக் கவனித்தோம். கவனித்த பிறகு அதை மறக்க முடியவில்லை.

மறக்கவொட்டாமல் செய்தது அடுத்துப் படித்த 'நாகம்மாள்.' ஆர். ஷண்முகசுந்தரம் எழுதிய இந்தச் சிறிய நாவல் 1942-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 25 அளவுதான். வங்காளத்துப் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் தந்தவரும் இவரே. நாகம்மாள் கொங்குநாட்டுக் குடியானவப் பெண், புருஷனை இழந்தவள். சிறு பெண் ஒருத்தியை வைத்துக்கொண்டு, கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு ஒன்றாக வாழ்கிறாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று: நிலத்தில் தன் பங்கு. அவ்வளவுதான் கதை. அது கொலையில் போய் முடிகிறது.

ஆசிரியர் நாகம்மாளை நல்லவள் என்று நம்மிடம் சிபாரிசு செய்யவில்லை. அவளுக்கு வாய்த்துடுக்கு உண்டு. ஊரார் பழிக்கும் சிநேகமும் உண்டு. சின்னப்பனோ கெட்டவன் அல்லன், உழைப்பாளி. அவன் மனைவியும் கொடுமைக்காரி அல்லள். வீட்டில் அவளை யாரும் பட்டினி போடவில்லை. பின் ஏன் பங்கு கேட்கிறாள்? அந்த அடுப்பு எரிவது பிறர் தயவால் என்பதனால். நெருப்பு வேறொருவருடையதாக இருக்கும்போது சோறு எவ்வளவு சூடாக இருந்தாலும் தொண்டையில் சற்று நிற்கும். இதை ஆசிரியர் எங்கும் பிரசங்கமாகச் சொல்லவில்லை. வாசலில் நிற்கும்போதும், சந்தைக்குப் போகும்போதும், பிறர் சிரிக்கும்போதும் அவள் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கோரிக்கை நியாயமானது, அதைத் தூண்டிவிடுகிற கைகள் அழுக்கானவை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் செய்வதுதான் இந்நாவலின் பலம். முடிவுப் பகுதி கொஞ்சம் அவசரப்படுகிறது என்பதும், கெட்டியப்பனைப் பற்றி இன்னும் சிறிது தெரிந்திருக்கலாம் என்பதும் நம் குறைகள்.

படித்து முடித்ததும் வழக்கறிஞரான நண்பர் ஒருவரிடம் போய், நாகம்மாளுக்குச் சட்டம் என்ன கொடுத்திருக்கும் என்று கேட்டோம். அவர் சொன்னதை வாசகர்களும் தெரிந்துகொள்வது நல்லது. ஹிந்து விதவைகளுக்குப் புருஷன் சொத்தில் பங்கு கொடுக்கும் சட்டம் 1937-இல் நிறைவேறியது. அதுவும் ஆயுட்காலம் வரை அனுபவிக்கும் பாத்தியதையே. 1941-இல் பெடரல் கோர்ட்டு, மாகாணங்களிலுள்ள விவசாய நிலத்துக்கு அச்சட்டம் செல்லாது என்று கருத்துரைத்தது. சென்னை மாகாணத்தில் விவசாய நிலத்துக்கும் அதை விரித்தது 1947-ஆம் வருஷத்துச் சட்டம். விதவைக்கு முழு உரிமை வந்தது 1956-இல். ஆக, நாவல் வெளிவந்த 1942-இல் நாகம்மாளைப் போன்ற ஒருத்தி வயற்காட்டில் பங்கு கேட்டு இந்தச் சட்டத்தைக் காட்டியிருந்தால், வீடும் பாத்திரமும் கிடைத்தாலும் கிடைத்திருக்கும், காடு கிடைத்திராது. கொங்குநாட்டுக் குடியானவக் குடும்பத்தில் காடு இல்லாத பங்கு என்ன பங்கு? ஓர் இளைஞர் சட்டப் புத்தகத்தைத் திறக்காமலே, அந்தச் சட்டம் எங்கே ஓட்டையாக இருந்ததோ அதே இடத்தில் தம் கதையை நட்டிருக்கிறார். தம் கண்ணெதிரே உள்ள குடும்பங்களை அவர் உற்றுப் பார்த்திருக்கிறார் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

நம் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நண்பருக்கு இந்நாவலிடம் ஒரு மனத்தாங்கல். சம்பாஷணையெல்லாம் கொச்சையாக இருக்கிறது. இதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் நாம் வருஷம் முழுவதும் திருத்திய நோட்டுப் புத்தகங்கள் வீணாகும் என்கிறார். அடுத்த புத்தகத்தையும் பார்த்தபோது அவர் வருத்தம் இரட்டித்தது. அது ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் வெளியிட்ட 'புத்தம் வீடு.' திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த இந்த அம்மையார், தம் கன்னியாகுமரிச் சீமையின் பேச்சை ஒரு சொல்லும் கூசாமல் எழுதியிருக்கிறார். பதநீர் அங்கே 'அக்கானி.' சென்னையில் வளர்ந்தவர்கள் முதல் இருபது பக்கம் சற்றுத் தடுமாறலாம். அதன்பின் காது பழகிவிடும்.

வீட்டின் பெயர்தான் புத்தம் வீடு. அதன் பெருமையெல்லாம் பழம் பெருமை. அந்த வீட்டுப் பெண் லிஸி. பருவம் வந்ததும் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். வெளியே பனையேறும் குடும்பத்துப் பிள்ளை தங்கராஜ். இருவரும் ஒரே கிறிஸ்தவ சமயத்தவர். ஆயினும் பனைக்குச் சொந்தக்காரருக்கும் பனையில் ஏறுகிறவருக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சமயம் குறைத்துவிடவில்லை. பனையேற்றம் என்பது ஏதோ வித்தை காட்டுகிற காரியம் என்று நகரத்துப் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். பருவ காலத்தில் ஒவ்வொரு மரத்திலும் தவறாமல் ஏறிப் பாளையைச் சீவவேண்டும்; ஒரு நாள் விட்டாலும் பாளை அடைத்துக்கொள்ளும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் அக்கானி கள்ளாகிவிடும். இறக்கியதை அன்றே காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும். அது வீட்டுப் பெண்களின் வேலை. நெஞ்சில் காய்ப்பேறிய மனிதர் ஒருவரை மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குத்தான், இந்தக் குடும்பத்துக்குப் பெண் கொடுப்பதா என்று புத்தம் வீட்டார் முகம் சுளிப்பதன் கூர்மை விளங்கும். அம்மையாரின் நடை மிக அடக்கமானது. குரலை உயர்த்தாமலே கோபத்தைச் சொல்லத் தெரிந்தவர். லிஸி ஜன்னலருகே நிற்கும் பக்கங்களைப் படித்தபோது, எட்டாம் வகுப்புக்குப் பிறகு நம் பதிவேட்டிலிருந்து காணாமற்போன சில பெயர்கள் நம் நினைவுக்கு வந்தன.

தமிழ் நண்பருக்கு நாம் சொன்ன மறுமொழி இது: கட்டுரை நோட்டில் கொச்சை வந்தால் சிவப்பு மை போடுவோம், அதில் நமக்குள் பேதமில்லை. ஆனால் லிஸியின் பாட்டனார் இலக்கணச் சுத்தமாகப் பேசினால், இரவல் ஜரிகை வேஷ்டி கட்டிக்கொண்டு நுங்கு வெட்டுகிறவர்போல் இருப்பார். தொழிலின் சொற்கள் தொழில் செய்கிறவர் வாயிலேதான் இருக்கின்றன. அவற்றை அகராதிக்காரர் சேர்ப்பதற்கு முன் நாவலாசிரியர் சேர்க்கிறார். நண்பர் முழுவதும் சமாதானமடையவில்லை. புத்தகத்தை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இனி உப்புக்கு வருவோம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு நடந்து சென்று உப்பு எடுத்ததை வருஷந்தோறும் வகுப்பில் நடத்துகிறோம். புறப்பட்ட தேதியைக் கேட்டாலும் போய்ச் சேர்ந்த தேதியைக் கேட்டாலும் நம் மாணவர்கள் பிசகாமல் எழுதுவார்கள். உப்பு எப்படி விளைகிறது என்று கேட்டால், கடல் நீரை அடுப்பில் வைத்துக் காய்ச்சி எடுப்பார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். தேசபக்தியில் குறைவில்லை, உப்பளத்தைத்தான் யாரும் பார்த்ததில்லை.

ராஜம் கிருஷ்ணன் பார்த்திருக்கிறார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே போய்ப் பழகி, 1979-இல் 'கரிப்பு மணிகள்' என்னும் நாவலை வெளியிட்டார். பொன்னாச்சி என்னும் பெண் பிழைப்புக்காக அளத்துக்கு வருகிறாள். உவர் நீரைத் தேக்கி, பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, மணி பிடித்த உப்பைப் பலகையால் வாரிக் கரையில் சேர்க்கிறார்கள். பெண்கள் அதைக் கூடையில் ஏற்றித் தலையில் சுமந்து அம்பாரமாகக் குவிக்கிறார்கள். வெயில் எவ்வளவு கொடியதோ விளைச்சல் அவ்வளவு நல்லது. அதாவது, முதலாளிக்கு எது நல்ல நாளோ அதுவே தொழிலாளியின் கண்ணுக்கும் காலுக்கும் கெட்ட நாள். வெள்ளை உப்பின்மீது பட்டுத் திரும்பும் ஒளியில் கண் பழுதாகிறது. உவர் நீரில் நின்று கால் புண்ணாகிறது. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டாலோ அளத்தில் வேலையே இல்லை. நம் கேள்வியை இந்நாவலிடம் கேட்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் அதுவாகவே எழுந்து நிற்கிறது. மழைக்காலத்தில் இந்த வீடுகளில் அடுப்பெரிவது எதனால்?

இந்நாவலில் குறை இல்லையா என்றால், உண்டு. சில இடங்களில் பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை விட்டுவிட்டு, விசாரணைக் கமிஷன் முன்னே சாட்சியம் சொல்வதுபோல நம்மைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ஆசிரியர் சேகரித்த விவரங்கள் ஏராளம். அவற்றில் ஒன்றையும் விட மனம் வரவில்லை போலும். ஷண்முகசுந்தரத்தின் சிக்கனம் இங்கே இல்லை. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைத்த அன்று இரவு, ரசத்தில் உப்பு ஒரு கல் குறைந்துவிட்டது என்று நாம் வாய் திறக்கவில்லை. கவனித்த வீட்டார் உடம்புக்கு ஏதேனும் சரியில்லையோ என்று விசாரித்தார்கள்.

அதே 1979-இல் வந்த மற்றொரு நாவல் பூமணியின் 'பிறகு.' கரிசல் காட்டில் மணலூத்து என்னும் ஊர். அங்கே செருப்புத் தைக்கும் தொழிலாளியாக வந்து சேர்கிறவர் அழகிரி. அவருடைய குடும்பத்தைச் சுற்றியே கதை போகிறது. மற்ற ஐந்து நாவல்களிலும் ஆசிரியர் எங்கோ ஓரிடத்தில் நம் தோளைத் தொட்டு, இதோ பார் என்கிறார். பூமணி ஒருமுறையும் அப்படிச் செய்வதில்லை. அழகிரி தோலை ஊறவைக்கிறார், ஊசியில் வார் கோக்கிறார், யாரோ கூப்பிடுகிறார்கள், போகிறார். அவமதிப்பும் அந்த வேலைகளுக்கு நடுவே இன்னொரு வேலையைப்போல வந்துபோகிறது. துயரத்தின் நடுவே இவ்வளவு ஹாஸ்யம் எப்படி வந்தது என்று இன்னும் வியந்துகொண்டிருக்கிறோம்.

தோல் தைப்பவர் இல்லாமல் அந்நாளில் ஒரு கிராமம் பயிர் செய்ய முடியாது என்பதை இக்காலப் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டியிருக்கிறது. கமலையில் மாடு கட்டி இறைக்கும் கிணற்றில், நீர் முகந்து வருவதற்குத் தோல் வேண்டும். அது கிழிந்தால் பயிர் காயும். தைக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர். அவருக்குக் கூலி பெரும்பாலும் களத்தில் அளக்கும் தானியம். அவர் நிற்கவேண்டிய இடமோ களத்துக்கு வெளியே. பின்னர் மின்சாரப் பம்பு வந்த ஊர்களில் கமலை போயிற்று. அதோடு அவரிடம் ஊருக்கிருந்த தேவையும் போயிற்று. சுதந்திரத்துக்குப் பிந்திய வருஷங்களை இந்தத் தையல்காரரின் திண்ணையிலிருந்து பார்க்கும் புத்தகத்துக்குப் 'பிறகு' என்று பெயர் வைத்திருக்கிறார் ஆசிரியர். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கும் எங்களைப் போன்றவர்கள் அந்தத் தலைப்பை இரண்டு தடவை படிக்கவேண்டும்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் பெண்ணுக்கு இப்படிப்பட்ட நாவல்களைக் கொடுக்கலாமா, 'நாகம்மா'ளில் விரசமாக ஏதும் உண்டா என்று ஒரு தாயார் நம்மைக் கேட்டார். கொடுக்கலாம். முதலில் 'புத்தம் வீடு'. அடுத்தபடி 'கரிப்பு மணிகள்'. 'நாகம்மா'ளைத் தாயார் முன்னதாகப் படித்துவிட்டுப் பெண்ணிடம் கொடுப்பது நல்லது. விரசத்துக்காகச் சொல்லவில்லை. பெண் சில கேள்விகள் கேட்பாள். பிதுரார்ஜித சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-லும் தேசம் முழுவதற்கும் 2005-லும் சட்டமாகிவிட்டது; ஆகையால், நம் வீட்டுப் பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று அவள் கேட்டால், பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றாவது தாயாருக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?